வயர்லெஸ் கமராவுக்கு வீட்டுக் கரண்ட்: 230 உள்ளே, 12 வெளியே

(திரையில்: இரவு. மதிலோரம் ஒரு புள்ளிமான். போனில் அறிவிப்பு ஒலி, இன்னொன்று, மறுபடியும்.)

திருகோணமலையில் பற்றரிக் கமராவின் சார்ஜை அதிகம் தின்பவை மான்களும் தெருநாய்களும்தான். இரவில் நகருக்குள் மேயும் மான் உங்கள் கேற்றைக் கடந்தால் போதும், உடல் சூட்டை உணரும் சென்சர் கமராவை எழுப்பிவிடும். எழும்பியதும் வீடியோப் பதிவு, வைஃபை, போனுக்குத் தகவல் என்று எல்லாம் ஒன்றாக ஓடும். பெட்டியில் ஆறு மாதம் என்று போட்டிருப்பது, ஒரு நாளில் சில தடவை மட்டும் எழும்பும் கமராவுக்கான கணக்கு. ஏணி வைத்து ஏறி, கழற்றி, சார்ஜ் போட்டு அலுத்தவர்கள் கடைசியில் கேட்பார்கள்: "தம்பி, இதுக்கு நேரா வீட்டுக் கரண்டையே குடுக்க ஏலாதா?"

ஏலும். எப்படி என்று பார்ப்போம்.

(திரையில்: சுவர் பிளக், அடப்டர், வயர், கமரா. வரிசையாக.)

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். கமராவுக்கு வேண்டியது 5 அல்லது 12 வோல்ட் நேர்மின்னோட்டம். நடுவில் அடப்டர் ஒன்று நின்று மாற்றிக் கொடுக்கிறது. அந்த அடப்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சரியாக முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. என் பதில்: வீட்டுக்குள். 230 வோல்ட் உள்ளேயே நிற்கட்டும், 12 வோல்ட் மட்டும் சுவரில் துளையிட்டு வெளியே போகட்டும். மாரி மழையில் அந்த வயர் நனைந்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லை.

அடப்டரைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூரை விளிம்பில் தொங்கவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தயவுசெய்து வேண்டாம். வாடைக்காற்றோடு வரும் மழை சரிந்து அடிக்கும். பைக்குள் புகுந்த ஈரம் வெளியேறாது. உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துவிடும். பிளக் ஊசியில் பச்சை பூப்பது அப்படித்தான்.

கேற் வீட்டிலிருந்து வெகுதூரம், அங்கேயே பிளக் வேண்டும் என்றால் அது எலக்ட்ரீசியனின் வேலை. ஐபி66 தரமுள்ள, அதாவது தூசியும் மழைத்தண்ணீரும் புகாத மூடியிட்ட பிளக் பெட்டி, குழாய்க்குள் ஓடும் வயர், கரண்ட் கசிந்தால் தானே விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், சரியான எர்த். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் செய்யவேண்டாம். எக்ஸ்டென்ஷன் கோர்டை ஜன்னல் வழியே இழுத்து வருடக்கணக்கில் வைத்திருப்பது இதற்கு மாற்றாகாது. ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது.

(திரையில்: பகலில் தெளிவான படம். இருட்டியதும் படம் போய், வந்து, மறுபடி போகிறது.)

இப்போது அதிகம் வரும் முறைப்பாடு: "அண்ணா, பகல் முழுக்க நல்லா இருக்கு, இருட்டினா ஓஃப் ஆகி ஓஃப் ஆகி வருது." கடைக்காரர் கமராவை மாற்றித் தருவார், புதியதும் அதையே செய்யும். பிழை பெரும்பாலும் வயரில்தான்.

இரவில் கமரா தன் அகச்சிவப்பு விளக்குகளை எரிக்கிறது. பகலில் 0.3 அம்பியர் எடுத்த கமரா அப்போது 0.8 வரை எடுக்கலாம். கரண்ட் கூடும்போது வயருக்குள் இழக்கும் வோல்ட்டும் கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் 25 மீற்றர் என்றால் போக 25, வர 25, மொத்தம் 50. 0.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்கு அந்த நீளத்தில் தடை ஏறக்குறைய 1.7 ஓம். அம்பியரைத் தடையால் பெருக்கினால் இழப்பு வரும்: பகலில் அரை வோல்ட், கமராவுக்குத் தெரியவே தெரியாது. இரவில் 1.4 வோல்ட் போய், கமராவுக்குக் கிடைப்பது 10.6. பல கமராக்கள் 12 வோல்ட்டிலிருந்து பத்து சதவீதம் வரைதான் பொறுக்கும், அதாவது 10.8. அதற்குக் கீழே போனால் அணையும். அணைந்ததும் வயரில் இழப்பு குறையும், வோல்ட் ஏறும், மறுபடி எழும்பும். விடியும்வரை இந்தக் கூத்துதான்.

அதே தூரத்துக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு பாதியாகும், 11.3 வோல்ட் கிடைக்கும், பிரச்சினை தீர்ந்தது. வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசிய வயர் மலிவு, ஆனால் தடை அதிகம்.

வயரை விட்டுவிட்டு 15 வோல்ட் அடப்டர் போடலாமே என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். பகலில் கமரா குறைவாக இழுக்கும்போது அந்த 15 முழுவதும் போல உள்ளே போகும். கமரா கருகினால் உத்தரவாதமும் கிடைக்காது.

யூஎஸ்பி வகை, அதாவது 5 வோல்ட் கமராவுக்கு நீண்ட வயர் சரிவராது. மேலே சொன்ன அதே 25 மீற்றரில், 0.5 வயரில் 1 அம்பியர் ஓடினால் கமராவுக்கு 3.3 வோல்ட்தான் மிஞ்சும். அப்படியானால் 12 வோல்ட்டை அனுப்பி, கமராவுக்குப் பக்கத்தில் மூடிய பெட்டிக்குள் 12ஐ 5ஆகக் குறைக்கும் சிறிய கன்வேர்ட்டர் வையுங்கள்.

(திரையில்: சுவர்த் துளையை நெருங்கிப் பார்க்கிறோம். துளைக்குக் கீழே வயர் வளைந்து தொங்குகிறது.)

இந்த வளைவைக் கவனியுங்கள். துளைக்குள் நுழையும் முன் வயர் ஒரு சாண் கீழே இறங்கி மேலே ஏற வேண்டும். மழைத்தண்ணீர் வயரில் வழிந்து வந்து அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் நேரே சுவருக்குள், பிளக் வரை போகும். துளையையும் வெளியே சற்றுத் தாழ்வாகச் சரித்துத் துளையிடுங்கள், பிறகு சிலிக்கன் பசையால் அடையுங்கள். வெளியே உள்ள இணைப்பு முனைகளை இன்சுலேஷன் டேப் மட்டும் காப்பாற்றாது, வெயிலில் பசை இளகி வரும். மூடிய சிறு பெட்டிக்குள் வைப்பதே நல்லது.

பல்ப் ஹோல்டரில் மாட்டும் கமரா பற்றி ஒரு வரி: யாராவது பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைத்தால் கமராவும் போய்விடும்.

பற்றரிக் கமராவுக்கே நிரந்தரமாக அடப்டர் கொடுப்பவர்களும் உண்டு. சார்ஜ் தொல்லை தீரும், ஆனால் பல மொடல்கள் அப்போதும் அசைவு தெரிந்தால்தான் பதியும். முழுநேரப் பதிவு வேண்டுமென்றால் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் நேரே படும் சுவரையும் தவிருங்கள். 45 பாகைக்கு மேல் சூடான லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைத் தின்னும். கச்சான் காற்றுக் காலத்தில் மேற்குச் சுவர் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும்.

(திரையில்: ஊர் முழுதும் இருட்டு.)

சரி, கரண்ட் போனால்? 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். கோணேசர் கோயில் போகும் வழியில் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது.

12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று, அதாவது கரண்ட் போனதும் தன் பற்றரியிலிருந்து கொடுக்கும் சிறு பெட்டி போதும். அதில் கமராவோடு ரவுட்டரையும் இணைக்க வேண்டும், ரவுட்டர் அணைந்தால் படம் உங்கள் போனுக்கு வராது. வாங்கும்போது 8800 மில்லி அம்பியர் மணி என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்கான கணக்கு. பெருக்கினால் 32 வாட் மணி சொச்சம். ரவுட்டர் 8 வாட், கமரா 6 வாட் என்றால் இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கமராவுக்குத் தனி யூபிஎஸ் கொடுத்து, உள்ளே மெமரி கார்ட் போட்டுவிடுங்கள். ரவுட்டர் அணைந்த பிறகும் பதிவு கார்டில் ஏறிக்கொண்டிருக்கும்.