சபைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, அப்புறம்?

(ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களின் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே,

"உண்மை விசுவாசியும் பெயர்க் கிறிஸ்தவனும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதில் பேசுவது ரொம்ப சுலபம். பெயர்க் கிறிஸ்தவன் யார் என்று கேட்டால் நம் எல்லாருக்கும் உடனே ஒரு முகம் ஞாபகம் வரும், அது நம் முகமாக இருக்காது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவர், கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போதும் கல்லறைத் தோட்டத்தில் இடம் தேவைப்படும்போதும் சந்தா பாக்கியைக் கட்டுகிறவர், சேகரத் தேர்தல் (சபை வட்டாரக் கமிட்டித் தேர்தல்) சமயத்தில் மட்டும் தலைகாட்டுகிறவர். அவர்களைக் குறைசொல்லி அரை மணி நேரம் பேசிவிட்டு நாம் திருப்தியாக வீட்டுக்குப் போகலாம். அவர்களை விட்டுவிடுகிறேன். இந்தக் கேள்வியோடு தலைமுறை தலைமுறையாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற பகுதி. 1630-களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் (இங்கிலாந்துச் சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றவர்கள்), சபை என்றால் அதில் மனந்திரும்பியவர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் ஆராதனைக்கு வரலாம். ஆனால் அங்கத்தினர் ஆக வேண்டுமானால், தேவன் தன் உள்ளத்தில் என்ன செய்தார் என்று சபையார் முன் நின்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடைக்கும். அரசாங்கத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமையையும் இந்த அங்கத்தினர்களுக்கே கொடுத்தார்கள். அங்கேயே வம்புக்கு விதை போட்டாகிவிட்டது, இல்லையா? சாட்சி சொன்னால் ஓட்டு கிடைக்கும் என்றால் சாட்சி என்ன ஆகும்!

ஆனால் அவர்களுக்குச் சிக்கல் வந்தது வேறு பக்கத்திலிருந்து. சாட்சி சொன்னவர்களின் பிள்ளைகள் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றார்கள், ஒழுங்காக வளர்ந்தார்கள், ஆராதனைக்கும் வந்தார்கள். ஆனால் பலர் "எனக்கு அப்படி ஒரு அனுபவம் இல்லையே" என்று ஒதுங்கி நின்றார்கள். பொய் சொல்ல மனமில்லாத நேர்மையான பிள்ளைகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரி, இவர்களுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? 1662-இல் பாஸ்டனில் கூடிய போதகர்கள் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். சபையின் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டு பழிக்கு இடமில்லாமல் வாழ்ந்தால் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. திருவிருந்து மட்டும் கிடையாது. பிற்காலத்தில் இதற்கு வந்த பெயர் பாதிவழி உடன்படிக்கை.

நார்த்தாம்டன் என்ற ஊரின் போதகர் சாலமன் ஸ்டாடர்ட் அந்தப் பாதியையும் தாண்டினார். யாருடைய இருதயம் மாறியிருக்கிறது என்று மனுஷனால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் வெளிப்படையான பாவத்தில் இல்லாத எல்லாரும் திருவிருந்துக்கு வரட்டும், அங்கேயே தேவன் அவர்களை மாற்றலாம் என்றார். இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. மனந்திரும்புதலை விடாமல் பிரசங்கித்த மனிதர் அவர்.

அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் ஜோனதன் எட்வர்ட்ஸ். 1727-இல் தாத்தாவுக்கு உதவியாக வந்து, 1729-இல் தாத்தா இறந்தபின் சபையை ஏற்றுக்கொண்டார். 1734, 35-இல் அந்த ஊரில் பெரிய எழுப்புதல், அதாவது ஊரே பக்தி வேகத்தில் எழும்பியது. அரை வருடத்தில் சுமார் 300 பேர் மனந்திரும்பினார்கள் என்று அவரே எழுதினார். இங்கிலாந்து வரை செய்தி போனது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1737-இல் ஆராதனை நடுவில் பழைய கோயிலின் மாடி இருக்கைப் பகுதி இடிந்து விழுந்தது. ஒருவரும் சாகவில்லை, எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். புதுக் கோயில் கட்டி முடித்தார்கள். யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி வந்தது. எழுப்புதலில் கண்ணீர் விட்ட அதே சபை, சொத்து அதிகமுள்ளவருக்கு முதலிடம் என்று பட்டியல் போட்டது. நம்மூர்க் கமிட்டியில் இருந்தவர்கள் சிரிக்கிறீர்கள். எனக்கும் அதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

எட்வர்ட்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. 1740-களில் நாடு முழுக்க இன்னொரு எழுப்புதல் அலை அடித்து ஓய்ந்தபின் அவர் உட்கார்ந்து யோசித்தார். அதன் விளைவு 1746-இல் ஒரு நூலாக வந்தது. உண்மையான பக்தியை எதை வைத்து அறிவது என்பதுதான் அதன் கேள்வி. நூலில் எனக்கு மிகவும் உபயோகமான பகுதி, எதையெல்லாம் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் சொல்லும் பன்னிரண்டு. உணர்ச்சி பொங்குவது அடையாளம் ஆகாது. உடம்பு நடுங்குவது ஆகாது. தேவனைப் பற்றிச் சரளமாகப் பேசுவது ஆகாது. வசனங்கள் தானாக மனதில் வந்து விழுவது, ஜெபத்திலும் ஆராதனையிலும் மணிக்கணக்காக இருப்பது, நான் இரட்சிக்கப்பட்டேன் என்ற உறுதி, கேட்கிறவர்களை உருக வைக்கும் சாட்சி, எதுவும் ஆகாது. இவையெல்லாம் பொய் என்று அவர் சொல்லவில்லை. உண்மை விசுவாசியிடமும் இருக்கும், மற்றவரிடமும் இருக்கும், அதனால் இவற்றை வைத்து இந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது என்றார்.

கன்வென்ஷன் மேடைகளில் வளர்ந்த நமக்கு இது சங்கடமான பட்டியல். நாம் பெயர்க் கிறிஸ்தவனுக்கு எதிராகக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளே இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார். கை தட்டிப் பாடுகிறவர், உபவாசக் கூட்டத்தைத் தவறவிடாதவர், இரட்சிக்கப்பட்ட தேதியை மனப்பாடமாகச் சொல்லுகிறவர். பதிவேட்டில் பெயர் இருப்பது எவ்வளவு வெளிப்புறமோ, இவையும் அவ்வளவு வெளிப்புறமாக இருக்க முடியும்.

அப்படியானால் எது அடையாளம்? அதற்கும் பன்னிரண்டு சொன்னார். அவற்றில் கடைசியைத்தான் மிக நீளமாக எழுதினார்: வாழ்க்கை. அதுவும் சௌகரியமான இடத்தில் வாழ்வது கணக்கில்லை. கீழ்ப்படிந்தால் நஷ்டம் வரும் என்று தெரிந்தும் விடாமல் கீழ்ப்படிவது. "கர்த்தாவே, கர்த்தாவே" என்பவனையும் பிதாவின் சித்தத்தின்படி செய்கிறவனையும் மலைப்பிரசங்கம் பிரித்த அதே இடம்தான்.

இதை எழுதியவர் சபையிலும் அமல்படுத்தப் பார்த்தார். சில வருடங்களாக யாரும் அங்கத்தினராகச் சேர வராத நிலையில், 1748 டிசம்பரில் ஒருவர் வந்தார். எட்வர்ட்ஸ் அவரிடம் விசுவாச அறிக்கை கேட்டார். பழைய காலத்து நீண்ட சாட்சி இல்லை. சில வாக்கியங்கள் போதும் என்று மாதிரியும் எழுதிக் கொடுத்தார். வந்தவர் மாட்டேன் என்று போய்விட்டார். ஊர் கொதித்தது. தாத்தா திறந்து வைத்த கதவைப் பேரன் சாத்துகிறானா என்றார்கள். 1750 ஜூனில் அக்கம்பக்கத்துச் சபைகளின் ஆலோசனைக் கூட்டம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் அவரை அனுப்பிவிடலாம் என்றது. அவருடைய சொந்தச் சபையில் பத்துக்கு ஒருவர்கூட அவர் பக்கம் நின்றார்களா என்பது சந்தேகம். இதில் ஒரு வேடிக்கை, புதுப் போதகர் கிடைக்காததால் வேலையை விட்டு நீக்கிய பிறகும் பல ஞாயிற்றுக்கிழமைகள் அவரையே கூப்பிட்டுப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார்.

இதோடு நிறுத்தினால் நல்ல பிரசங்கம் கிடைக்கும். உண்மைக்காக வேலையை இழந்த போதகர், பெயர்க் கிறிஸ்தவச் சபை. ஆனால் எட்வர்ட்ஸ் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். 1731-இல் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய் வீனஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு சிறு பெண்ணை 80 பவுண்டு கொடுத்து வாங்கினார். ரசீது இன்னும் இருக்கிறது. 1758-இல் அவர் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் டைட்டஸ் என்ற சிறுவனுக்கு விலை போட்டிருக்கிறது. அவருடைய சபையில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களும் முழு அங்கத்தினர்களாக இருந்தார்கள், ஒரே திருவிருந்தில் பங்கெடுத்தார்கள். அதாவது அவர்களுடைய விசுவாசம் உண்மையானது என்று ஏற்றுக்கொண்டுவிட்டு, அவர்களை விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாகவே வைத்திருந்தது அந்தச் சபை.

"அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே" என்று யாரோ மெதுவாகச் சொல்வது கேட்கிறது. அதுதான் பெயர்க் கிறிஸ்தவனும் சொல்லுகிற பதில். எல்லாரும் செய்கிற இடத்தில் செய்யாமல் இருப்பதுதானே அந்தப் பன்னிரண்டாவது அடையாளம்? பிற்பாடு அவருடைய சீடர் சாமுவேல் ஹாப்கின்ஸ் அதே நியூபோர்ட்டில் போதகராக இருந்துகொண்டு, அடிமை வியாபாரத்தில் பிழைக்கும் ஊரிலேயே அதைக் கண்டித்துப் பேசினார், 1776-இல் நூலும் எழுதினார். எட்வர்ட்ஸின் மகனும் 1791-இல் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பிரசங்கித்தார். அளவுகோல் சரியானதுதான். அதைச் செய்தவர் தன் வீட்டுக்குள் வைத்து அளந்து பார்க்கவில்லை.

நம் பக்கம் வருவோம், ஏனென்றால் நம் மிஷன் வரலாற்றிலும் இதே மாதிரி ஒரு சோதனை வைத்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி வித்தியாசம் உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும். அதுவரை உட்காரும் இடம் தனி, திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் முன்பின் உண்டு. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்களாயிருந்த குடும்பங்கள் அவர்களில் உண்டு. நாம் இன்றும் மனமுருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே இந்த விஷயத்தில் சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதினார். அந்தப் பாட்டுகளில் உள்ள பக்தி வேஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இது பயமாக இருக்கிறது.

1840-களின் கடைசியில் மதுரை அமெரிக்கன் மிஷன் இன்னும் நேரடியான வழிக்குப் போனது. அன்பின் விருந்து வைத்து, எந்தச் சாதியார் சமைத்ததையும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். பல உபதேசியார்கள் (மிஷனின் போதக ஊழியர்கள்) சாப்பிட மறுத்து வேலையை விட்டுப் போனார்கள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் மாறிவிட்டார்களா? இலையை எடுத்துவிட்டு எழுந்து போய், பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது பழைய இடத்துக்கே போனவர்கள் இல்லையா? அந்த விருந்தும் சீக்கிரமே பதிவேட்டில் ஒரு கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. இன்றும் அசனத்தில், சபை விருந்தில், எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். கல்யாண ஓலையில் மட்டும் இரண்டு பெயரும் ஒரே சாதியிலிருந்துதான் வருகின்றன. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் இருக்கிறது.

சரி, திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிறேன். பத்துக் கற்பனையும் விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் மனப்பாடம் வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். கடைசியில் "நீ இரட்சிக்கப்பட்டிருக்கிறாயா?" என்று கேட்கிறோம். பதினான்கு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லும். மாசசூசெட்ஸில் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல மறுத்து ஒதுங்கிய பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஒதுங்கி நிற்கக்கூட நாம் இடம் கொடுப்பதில்லை, பேராயர் வரும் தேதி குறித்தாகிவிட்டது, வெள்ளை உடை தைத்தாகிவிட்டது.

என் யோசனை இரண்டுதான். ஒன்று, தயாராக இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அடுத்த வருடம் வரட்டும் என்று விடுங்கள். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இரண்டாவது, வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, பக்கத்துத் தெருக் கோயிலில் ஏன் வேறு ஆட்கள் மட்டும் கூடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்க இடம் கொடுங்கள். அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல அன்றைக்குச் சேகர கமிட்டியாரையும் வகுப்பில் உட்கார வையுங்கள்.