பட்டினிக் குதிரைக்குப் போலீஸ் ஏன் உடனே தீனி போடுறதில்லை?

[காட்சி: பூட்டின கேட். உள்ளே சேறு. காலித் தொட்டி, அடியில பாசி.]

"அந்தத் தோட்டத்துல நாலு குதிரை நிக்குது. எலும்பை எண்ணிடலாம் சார்." பக்கத்துல குடியிருக்குற யாராவது இப்படிப் போன் பண்ணித்தான் பல கேஸ் தொடங்குது.

போலீஸ் வந்து பூட்டை உடைச்சு, குதிரையை வண்டியில ஏத்தி, வயிறு நிறையத் தீனி வச்சா வேலை முடிஞ்சது. அப்படித்தானே நினைக்கிறோம்? அந்த மாதிரி செஞ்சா கேஸும் போயிடும், குதிரையும் போயிடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனா தனியார் இடத்துக்குள்ள நுழைய, பொதுவா உரிமையாளர் சம்மதமோ கோர்ட் வாரண்டோ வேணும். கையோட குதிரை வைத்தியம் தெரிஞ்ச டாக்டரும் வரணும்.

[காட்சி: கேமரா தரையோட தரையா நகருது.]

உள்ளே போனதும் முதல்ல படம் எடுப்பாங்க. குதிரையை மட்டுமில்ல, தீவன அறை, தண்ணித் தொட்டி, வேலி எல்லாத்தையும். வேலிக் கட்டையில பல் தடம் இருக்கா? மரப்பட்டை உரிஞ்சிருக்கா? ஒரு குதிரையோட வால் முடியை இன்னொண்ணு மென்னிருக்கா? பசி முத்தினா குதிரை இதையெல்லாம் செய்யும்.

அடுத்தது குளம்பு. மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி விடணும். "பத்து நாளாத்தான் கவனிக்க முடியல"ன்னு உரிமையாளர் சொல்லுவார். குளம்பு செருப்பு நுனி மாதிரி மேல சுருண்டு நிக்கும். பத்து நாள்ல அப்படிச் சுருளாது.

[காட்சி: அடர்ந்த ரோமத்துக்குள்ள விரல்கள் அழுந்துது.]

இந்த இடத்துல கண்ணை நம்பக்கூடாது. குளிர்காலத்து ரோமம் விலா எலும்பை மறைச்சிடும். தூரத்துல புஷ்டியாத் தெரியுற குதிரையைத் தொட்டா, விரல் நேரா எலும்புல போய் முட்டும். அதனால டாக்டர் ஆறு இடத்தைத் தடவிப் பார்க்கிறார்: கழுத்து, கழுத்தும் முதுகும் சேர்ற மேடு, தோளுக்குப் பின்னால, விலா, இடுப்பு, வாலடி. பார்த்துட்டு 1-லிருந்து 9 வரை ஒரு மதிப்பெண். 1-ன்னா வெறும் எலும்பும் தோலும்; 5 நல்ல நிலை. அமெரிக்காவுல ஹெனிகிங்கிற ஆராய்ச்சியாளர் வகுத்து 1983-ல வெளியான முறை இது. "ஒல்லியா இருந்துச்சு"ன்னு சாட்சி சொன்னா எதிர்த்தரப்பு வக்கீல் சிரிச்சுக்கிட்டே எழுந்திருப்பார். நம்பர் சொன்னா அவரும் நம்பரோடதான் மோதணும்.

இப்போ தீனிக்கு வருவோம். கொள்ளுன்னா வாயைத் திறக்கும்னு பழமொழியே இருக்கு. பட்டினிக் குதிரை கேட்கவே வேணாம். ஆபத்தே அதுதான்.

ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு கொழுப்பைத் தின்னு முடிச்சுட்டு, தசையையும் கரைக்க ஆரம்பிச்சிருக்கும். அந்த நேரத்துல ஒரு வாளி தானியம் வச்சா மாவுச்சத்தால இன்சுலின் எகிறும். ரத்தத்துல மிச்சமிருக்குற பாஸ்பேட், மெக்னீசியம், பொட்டாசியத்தை அது செல்லுக்குள்ள தள்ளிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். பெரும்பாலும் மூணு நாலு நாள் கழிச்சுத்தான் குதிரை விழும். அதனால வாளி வச்சவருக்குக் காரணமே புரியாது.

[காட்சி: தராசுல ஒரு கைப்பிடி பச்சை இலைத் தீவனம்.]

அதனால தானியத்துக்குப் பதிலா குதிரைமசால்ங்கிற இலைத் தீவனம். மாவுச்சத்து கம்மி, புரதம் அதிகம், பாஸ்பரஸும் மெக்னீசியமும் இருக்கு. பரவலாப் பின்பற்றுற முறையில முதல் மூணு நாள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் அரைக் கிலோ. நடுராத்திரியும் அலாரம் வச்சு எழுந்துதான் போடணும். குதிரை வாளியை முட்டும், காலால தரையைத் தோண்டும். கொடுக்காம நிக்கிறதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதின்னு எனக்குத் தோணுது. அப்புறம் பத்து நாள் வரைக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க.

கேஸ் முடியுற வரைக்கும் அந்தக் குதிரை சாட்சியம். அலமாரியில பூட்டி வைக்க முடியாத சாட்சியம். தினமும் தின்னும், சாணி போடும், லாடக்காரர் வரணும். செலவு யார் தலையிலங்கிறதே தனி வழக்கா இழுக்கும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? "வயசாயிடுச்சு, ஏதோ நோய்." அதுக்காகத்தான் பல்லைப் பார்த்து, ரத்தமும் சாணமும் பரிசோதனைக்கு அனுப்பி, வாராவாரம் நெஞ்சைச் சுத்தி டேப் வச்சு எடையைக் குறிக்கிறாங்க. மருந்தே இல்லாம, வெறும் தீனியிலேயே அது தேறிடுச்சுன்னா?

[காட்சி: அதே குதிரை, அதே கோணம், கழுத்துல அதே நம்பர். வாரத்துக்கு ஒரு படம். விலா எலும்பு ஒவ்வொண்ணா மறையுது.]