தொட்டுக்கொள்ளும் கிண்ணம்

வணக்கம். இதயத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், நான் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டேலி சிட்டி என்று ஓர் ஊர். அங்கே சுமார் மூன்றில் ஒருவர் பிலிப்பைன்ஸ் வம்சாவளி. அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கும் இறைச்சிக்கும் பக்கத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் இருக்கும். சவ்சாவன் என்பார்கள். சோயா சாஸோ, பத்தீஸ் என்கிற மீன் சாஸோ, கொஞ்சம் வினிகர், மிளகாய். அந்த மீன் சாஸில் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 1,400 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சொல்கிற அளவே 2,000க்குள்தான்!

இந்த உப்பு அவர்கள் நாக்கில் ஏறியதற்குக் காரணம் உண்டு. பிலிப்பைன்ஸின் வடக்கே இருக்கிற இலோகோஸ் பக்கத்து விவசாயிக்கு ஒரு தட்டுச் சோற்றை உள்ளே தள்ள ஒரு துண்டுக் கருவாடு, இல்லாவிட்டால் உப்பில் புளிக்கவைத்த மீனோ இறாலோ, அதைப் பகோஓங் என்பார்கள், அது போதும். கறி திருவிழாவுக்குத்தான், பகலெல்லாம் வயலில் வியர்த்துக் கொட்டும். 1906இல் அந்த மாதிரி ஆட்கள்தான் ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள். 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு நர்சுகளும் டாக்டர்களும் வந்தார்கள், பின்னால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர்களுடைய அப்பா அம்மாவும். இங்கே வயல் இல்லை, வியர்வை இல்லை, பன்றிக்கறியும் டின் இறைச்சியும் மலிவு, அதனால் திருவிழாச் சாப்பாடு வாராவாரம் வருகிறது. உப்பு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

சரி, வேண்டாம் என்று சொல்லலாமே? சொல்ல முடியாது. விருந்தில் தட்டைத் தள்ளினால் சமைத்தவருக்கு தாம்போ வந்துவிடும். நம் வீட்டு அத்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களே, அதேதான்.

இன்னொரு சிக்கல், உயர் ரத்த அழுத்தத்தை அவர்கள் ஹைபிளட் என்பார்கள். கோபம் வந்தாலும் அதே சொல்தான். பிடரி வலித்தால் ஏறிவிட்டது, வலி போனால் இறங்கிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்துகிற பெரியவர்கள் உண்டு. ஏறினாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்தே.

இவர்களிடம் போய் சாலட் சாப்பிடுங்கள் என்கிறோம். எனக்கு இது சுத்த அபத்தமாகப் படுகிறது. அவர்கள் ஊர்ச் சமையலிலேயே பினாக்பெத் இருக்கிறது: பாகற்காய், கத்தரி, வெண்டை, பூசணி, நம் சந்தைப் பை மாதிரி. தினோலா என்கிற இஞ்சி போட்ட கோழி ரசத்தில் முருங்கைக்கீரையையே போடுகிறார்கள். அதைச் சமையுங்கள், பகோஓங்கைப் பாதியாக்குங்கள் என்றால் லோலா கேட்பார். லோலா என்றால் பாட்டி.

ஆனால் சட்டியில் குறைத்த உப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வார், அதையும் பார்க்க வேண்டும். கலமன்சி என்று குட்டி எலுமிச்சை ஒன்று உண்டு, கலிபோர்னியாவில் கொல்லையிலேயே வளர்க்கிறார்கள். அதைப் பிழிந்து, பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்டு, சோயா சாஸை ஒரு சொட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். கிண்ணத்தை மட்டும் மேசையிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள், எடுக்க மாட்டார்.