பழகிய கை

வணக்கம். மாணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்று நான் பேச வந்தது முன்வரிசைக்காரர்களிடம்: விமானப் பராமரிப்பில் இருபது வருடம் ஸ்பேனர் பிடித்தவர்களிடமும், அதற்குப் பாடம் எடுப்பவர்களிடமும்.

1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிஏசி 1-11 விமானம். 17,300 அடியில் கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் அவரை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார்.

அந்தக் கண்ணாடியை மாட்டி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, ஷிஃப்ட் மேலாளர்.

கழற்றிய போல்ட் 7டி வகை. எண் நீளத்தைச் சொல்லும், எழுத்து விட்டத்தைச் சொல்லும். பாகப் பட்டியல் கேட்பது 8டி. ஸ்டோர்காரர் அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் 7டியோடுதானே இவ்வளவு நாள் பறந்தது? அது போதும் என்று மேலாளர் நினைத்தார். ஸ்டோரில் 7டி போதவில்லை. வேறொரு இடத்து ராக்கில், மங்கிய வெளிச்சத்தில், படிக்கும் கண்ணாடி போடாமல், பழையதோடு ஒப்பிட்டு எடுத்தார். கையில் வந்தது 8சி. 90 போல்ட்டில் 84 இப்படி. விட்டத்தில் முக்கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை! மீதி 6 போல்ட்டுக்கு நீளம் போதாது. முறுக்கும்போது ‘க்ளிக்’ கேட்டது. டார்க், அதாவது தேவையான முறுக்கு விசை, ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். மரை நழுவியது அந்தச் சத்தத்தில் மறைந்துபோனது.

அவருக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பழகிய கை கேள்வி கேட்பதை நிறுத்திவிடும், அவ்வளவுதான்.

சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் கேட்கும். பராமரிப்பு உரிமத்தைப் பயன்படுத்த 2 வருடத்தில் 6 மாத வேலை அனுபவம், ஐரோப்பாவில் 2 வருடத்துக்கு ஒருமுறை மனிதக் காரணிகள் வகுப்பு, அதாவது மனிதர் ஏன் தவறு செய்கிறார் என்று சொல்லும் வகுப்பு. அந்த மாதிரி வகுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டோடு நழுவியவர்கள் உண்டு. நானும் நழுவியிருக்கிறேன்.

அப்புறம், ஆசிரியர்கள். மெக்கானிக்கின் தப்பு ஒரு விமானத்தோடு நிற்கலாம். நம்முடையது பேட்ச் பேட்சாக வெளியே போகும். பத்து வருடப் பழைய நோட்ஸை அப்படியே வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பயப்படலாம்.

சரி, ஒரு வேலை தருகிறேன். நாளைக்கு வகுப்பில் கிட்டத்தட்ட ஒரே அளவிலான நாலு வகை போல்ட்டைக் கலந்து மேசையில் கொட்டுங்கள். விளக்கைக் குறையுங்கள். கண்ணால் மட்டும் பிரிக்க வேண்டும். மாணவர்களுக்கு முன்னால், முதலில் நீங்கள் பிரித்துப் பாருங்கள்.