மரம் அறுக்கும் ரம்பத்துக்கு விமானப் பெட்ரோலா?

[காட்சி: மேசைமேல் ஒரு சங்கிலி ரம்பம். அதன் அருகே கண்ணாடிக் குடுவையில் இளநீலத் திரவம்.]

துணிக்குப் போடும் சொட்டு நீலம் கரைத்த தண்ணீர் போல இருக்கிறது, இல்லையா? இது பெட்ரோல். செஸ்னா போன்ற சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் ஊற்றுவது. பெயர் அவ்கேஸ் 100 எல்எல். வேறு எரிபொருளோடு மாறிவிடக் கூடாது என்பதற்காகவே சாயம் சேர்க்கிறார்கள்.

அமெரிக்காவில் சிற்றூர் விமானத் தளங்களில்கூட இதற்கென்று பம்ப் இருக்கும். விமானமே இல்லாத சிலரும் கேனைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள். வாங்கி வந்து, டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, ரம்பத்திலும் புல்வெட்டியிலும் ஊற்றுகிறார்கள். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ரம்பம் இரண்டு இழுப்பில் கிளம்பிவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் பெருமை. அது பொய்யில்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தவறு.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘விமான எரிபொருள் விலை உயர்ந்தது’ என்று நம் செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அது இந்த நீலப் பெட்ரோல் அல்ல. ஜெட் விமானங்களுக்கான அந்த எரிபொருள், சுத்திகரித்த மண்ணெண்ணெய் வகை. அதை ரம்பத்தில் ஊற்றினால் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும், எஞ்சின் கிளம்பாது. அவ்கேஸ் இந்தியாவிலும் உண்டு. முன்பு முழுக்க இறக்குமதி. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் உள்ள தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்ததை அறிமுகப்படுத்தியது. ஆனால் நம் பெட்ரோல் பங்கில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

[காட்சி: வெட்டித் திறந்த சிலிண்டர். பிஸ்டன் மெல்ல ஏறி இறங்குகிறது.]

இனி அந்தத் தவறான காரணம். “ஆக்டேன் 100, அதனால் சக்தி அதிகம்” என்கிறார்கள். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல, பொறுமையின் அளவு. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டும் தீ வந்து சேரும்வரை தானாக வெடித்துவிடாமல் எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. விமான எஞ்சினின் சிலிண்டர் பெரியது, சூடும் அதிகம். அதற்கு அந்தப் பொறுமை வேண்டும். ரம்பத்தின் சிலிண்டர் ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்கிவிடும். தயாரிப்பாளர் கேட்கும் ஆக்டேனுக்கு மேல் ஊற்றுவதால் அது ஒரு மரம்கூட அதிகமாக அறுக்காது.

அப்படியானால் எதனால் சட்டென்று கிளம்புகிறது?

[காட்சி: நீண்ட அளவுக் குழாய்கள் இரண்டு. நெருக்கக் காட்சி.]

இரண்டு குழாயிலும் 10 மில்லி தண்ணீர். இடது குழாயில் 90 மில்லி அவ்கேஸ். வலது குழாயில் அமெரிக்க பங்குகளில் சாதாரணமாகக் கிடைக்கும், 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவும் 90 மில்லி. மூடிக் குலுக்கி வைக்கிறோம்.

தெளியட்டும்.

இடது பக்கம் பாருங்கள்: அடியில் தண்ணீர் அதே 10 மில்லியில் நிற்கிறது. வலது பக்கம் அடியில் உள்ள அடுக்கு 18, 19 மில்லியை நெருங்கிவிட்டது. தண்ணீர் பெருகவில்லை. பெட்ரோலில் இருந்த எத்தனால் அதைவிட்டு இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. இந்தியாவில் இப்போது பரவலாகக் கிடைக்கும் 20 சதவீதக் கலவையில் அந்தக் கோடு இன்னும் மேலே போகும்.

ரம்பத்தின் டேங்கில் யாரும் இப்படித் தண்ணீர் ஊற்றப் போவதில்லைதான். ஆனால் எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் பாதி டேங்கோடு கிடந்தால் அதுவே போதுமாகிவிடலாம். அடியில் தேங்கும் அந்தக் கலவையைத்தான் டேங்கின் உறிஞ்சு குழாய் முதலில் இழுக்கும். அதில் ஆயிலும் இருக்காது.

[காட்சி: திறந்த கார்புரேட்டர். விரல்நுனியில் கறுத்த மெல்லிய டயஃப்ரம்.]

இந்தச் சின்ன டயஃப்ரம்தான் ரம்பத்தின் நுரையீரல். ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பெட்ரோல் சரியாகப் போவது இதனால்தான். புதியது வெற்றிலை போல வளையும். பழைய எத்தனால் பெட்ரோலில் ஊறியது அப்பளம் போல விறைத்துவிடும். மெக்கானிக்கிடம் வரும் “ஸ்டார்ட் ஆகவில்லை” வழக்குகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அவ்கேஸில் எத்தனால் இல்லை. எளிதில் ஆவியாகும் பொருட்களும் குறைவு. அதனால் நாள்பட்டாலும் எளிதில் கெடுவதில்லை. அதன் மூலப்பொருளில் பெரும்பங்கு ஆல்கைலேட் என்ற சுத்தமான வகை. ரம்பத்துக்குக் கிடைக்கும் நன்மை எல்லாம் இங்கிருந்துதான். 100 என்ற எண்ணிலிருந்து அல்ல.

[காட்சி: மரத்தின் மேல் குனிந்து அறுக்கும் ஒருவர். முகத்தருகே புகை.]

இனி ‘எல்எல்’ என்ற எழுத்துகளுக்கு வருவோம். ‘ஈயம் குறைவு’ என்று பொருள். எதைவிடக் குறைவு? பழைய 100/130 வகை விமானப் பெட்ரோலைவிடக் குறைவு, அவ்வளவுதான். இதில் லிட்டருக்கு 0.56 கிராம்வரை ஈயம் இருக்கலாம். ஈயமற்ற பெட்ரோலுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 0.005 கிராம். நூறு மடங்குக்கும் மேல். இதைக் ‘குறைவு’ என்று அழைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

விமானி அந்தப் புகையை வானத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். ரம்பக்காரரின் சைலன்சர் அவர் மூக்கிலிருந்து ஒரு முழம். மேலும் இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பழைய வடிவமைப்புகளில் உள்ளே போகும் கலவையில் கால் பங்குவரை எரியாமலே வெளியேறும். அதில், அவ்கேஸில் சேர்க்கும் ஈயச் சேர்மமான டெட்ரா எத்தில் லெட் அப்படியே வரும். அது தோல் வழியாகவும் உடலில் ஏறக்கூடியது. கேனிலிருந்து ஊற்றும்போது கையில் வழிந்து, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரின் ரீட்-ஹில்வியூ விமானத் தளத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவை ஆராய்ந்த பிறகு, 2022 ஜனவரி முதல் அங்கே ஈய அவ்கேஸ் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். தளத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கே அந்தக் கவலை. நாம் அதே புகையை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எஞ்சினுக்கும் சில தொல்லைகள் உண்டு. ஸ்பார்க் பிளக்கில் ஈயம் படியும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் சைலன்சர் உள்ள ரம்பமாக இருந்தால் அது பாழ். அவ்கேஸ் எடை குறைந்தது என்பதால் காற்று-பெட்ரோல் கலவை சற்று மெலிந்து எஞ்சின் சூடேறும். கார்புரேட்டரைத் திருத்த வேண்டிவரும். ஈயமே மசகு வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஆயிலைக் குறைப்பவர்களும் உண்டு. பிஸ்டன் இறுகிய பிறகுதான் அவர்களுக்குப் புரியும்.

[காட்சி: பனிமூடிய காடு, அடுக்கிய மரக்கட்டைகள்.]

இந்த முடிச்சை ஸ்வீடன்காரர்கள் 1980களிலேயே அவிழ்த்துவிட்டார்கள். நாள் முழுக்கக் காட்டில் ரம்பப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்காக ஆல்கைலேட் பெட்ரோல் அங்கே விற்பனைக்கு வந்தது. அவ்கேஸின் நல்ல பாதி இருக்கும்; ஈயம் இருக்காது, நச்சுப் பொருளான பென்சீன் ஏறக்குறைய இருக்காது, எத்தனால் இருக்காது. ஆஸ்பென் என்ற பெயரில் இன்றும் விற்கிறது. ரம்பம் தயாரிக்கும் ஸ்டில் நிறுவனமும் இதை ஆயில் கலந்தே விற்கிறது. விலை கடிதான். ஆனாலும் விமானத் தளம்வரை வண்டி ஓட்டிப் போகிறவருக்கு இது வாங்க முடியாத பொருள் அல்ல.

[காட்சி: ரம்பத்தின் டேங்க் மூடி திறக்கிறது.]

நம் ஊரில் புல்வெட்டியோ ரம்பமோ வைத்திருப்பவருக்கு எளிய வழி, பெட்ரோலைக் கொஞ்சமாக வாங்குவது. எஞ்சின் 50-க்கு 1 என்று கேட்டால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து, அந்த மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அதற்கப்புறம் பரணில் ஏற்றுங்கள்.