83 மணி நேரம் மண்ணுக்கடியில்: 1968 ஜார்ஜியா கடத்தல்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில் 1968 டிசம்பரில் பணம் கேட்டு நடந்த ஒரு கடத்தலைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிற பலரும் கடத்தியவனை மூளைக்காரன், ஜீனியஸ் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, அதனால்தான் இந்த வீடியோ. கடத்தப்பட்ட பெண்ணின் பெயர் அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, ஆனால் நான் சொல்லப் போவதில்லை. அவர் அமைதியாக வாழ விரும்பியவர்.

அவருக்கு அப்போது 20 வயது. எமரி பல்கலைக்கழக மாணவி. அந்தக் குளிர்காலத்தில் ஹாங்காங் ஃப்ளூ ஊரையே படுக்க வைத்திருந்தது, கல்லூரி மருத்துவமனையில் இடமில்லை. ஃப்ளோரிடாவிலிருந்து அம்மா காரோட்டி வந்து, டிகேட்டர் என்கிற சின்ன ஊரில் ஒரு மோட்டலில் அறை எடுத்து மகளைப் பார்த்துக்கொள்கிறார். கொஞ்சம் தேறியதும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

டிசம்பர் 17, விடியற்காலை 4 மணி வாக்கில் கதவு தட்டுகிற சத்தம். போலீஸ் என்கிறான் ஒருவன், உங்கள் பெண்ணின் நண்பருக்குக் கார் விபத்து என்கிறான். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கதவைத் திறந்துவிடுவோம் இல்லையா? திறந்ததும் அம்மாவுக்கு மயக்க மருந்து, கை கால் கட்டு. காய்ச்சலோடு இருந்த மகளைத் துப்பாக்கி முனையில் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் பெயர் கேரி ஸ்டீவன் கிறிஸ்ட், கலிஃபோர்னியா சிறையிலிருந்து ஏற்கெனவே தப்பி ஓடியவன். கூட இருந்தவர் ரூத் ஐஸ்மன்-ஷையர்.

போன இடம் க்வினெட் கவுன்டி, டுலூத் பக்கம். இன்றைக்கு அங்கே கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன, நம் ஊர்க்காரர்கள்கூட நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்றைக்குப் பைன் மரக்காடு. அங்கே முன்கூட்டியே குழி தோண்டி வைத்திருந்த பெட்டிக்குள் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டார்கள். உள்ளே காற்று வர குழாய்கள், பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி, ஒரு விளக்கு, கொஞ்சம் சாப்பாடு, மயக்க மருந்து கலந்த தண்ணீர், எதை எப்படி இயக்க வேண்டும் என்று டைப் அடித்த ஒரு காகிதம். ஜீனியஸ் என்கிறவர்கள் இந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்த விளக்கு சில மணி நேரத்திலேயே அணைந்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்க இருட்டு.

முதலில் கத்தியிருக்கிறார், யாருக்குக் கேட்கும்? அப்புறம் பிரார்த்தனை செய்து, வீட்டில் எல்லோரோடும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் உடம்பு, டிசம்பர் குளிர், மண்ணுக்கடியில். எனக்கு இந்த வழக்கில் பெரிதாகத் தெரிவது அந்தப் பெண்ணின் மனசுதான், வேறெதுவும் இல்லை.

அங்கே ஃப்ளோரிடாவில் அப்பாவிடம் 5 லட்சம் டாலர் கேட்டார்கள், எல்லாம் 20 டாலர் நோட்டாக. கணக்குப் போட்டால் 25,000 நோட்டு. அவர் வீட்டுமனைத் தொழிலில் பெரிய ஆள், பணத்தைப் புரட்டிக்கொண்டு போய் மயாமியில் சொன்ன இடத்தில் வைத்தார். ஆனால் விஷயமே தெரியாத உள்ளூர் போலீஸ்காரர்கள் அந்த வழியாக வர, கடத்தியவர்கள் பணத்தையும் காரையும் போட்டுவிட்டு ஓட்டம். அந்தக் காருக்குள் என்ன இருந்தது தெரியுமா? அவர்கள் யார் என்று காட்டிக்கொடுக்கும் காகிதங்களும், பெட்டிக்குள் அந்தப் பெண் படுத்திருக்கும் போட்டோவும். இவனைத்தான் மூளைக்காரன் என்கிறார்கள்!

அந்த நேரத்தில் அந்த அப்பா என்ன பாடு பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸை நான் அனுப்பவில்லை, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று பத்திரிகைகள் வழியாகக் கெஞ்சினார். இரண்டாவது தடவை பணம் கைமாறியது. டிசம்பர் 20 அன்று கிறிஸ்ட் அட்லாண்டா எஃப்பிஐ அலுவலகத்துக்குப் போன் செய்து, புதைத்த இடத்துக்கு அரைகுறையாக வழி சொன்னான். நூறு பேருக்கு மேல் காட்டில் இறங்கித் தேடினார்கள், கிடைத்ததை வைத்தும் வெறுங்கையாலும் தோண்டினார்கள். 83 மணி நேரம் கழித்து உயிரோடு எடுத்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றி, எடை குறைந்து போயிருந்தார், ஆனால் பேசினார்.

கிறிஸ்ட் அந்தப் பணத்திலேயே ஒரு படகு வாங்கினான். காகிதப் பையிலிருந்து 20 டாலர் நோட்டாக எடுத்து எடுத்துக் கொடுத்தால் விற்கிறவருக்குச் சந்தேகம் வராதா? சில நாளிலேயே ஃப்ளோரிடாவில் ஒரு தீவின் சதுப்பு நிலத்தில் பிடித்துவிட்டார்கள். எஃப்பிஐ தீவிரமாகத் தேடும் பத்துக் குற்றவாளிகள் பட்டியலில் இடம்பிடித்த முதல் பெண் ரூத்தான். அவர் மார்ச் 1969ல் ஓக்லஹோமாவில் சிக்கினார். ஏழு வருடத் தண்டனையில் பாதியளவு இருந்துவிட்டு, சொந்த நாடான ஹோண்டுராஸுக்கு அனுப்பப்பட்டார்.

கிறிஸ்டுக்கு ஆயுள் தண்டனை. ஆனால் 1979லேயே பரோலில், அதாவது நிபந்தனைகளோடு முன்கூட்டியே, வெளியே விட்டுவிட்டார்கள், பத்தே வருடம்! அதோடு நிற்கவில்லை, பின்னால் மருத்துவம் படித்து இண்டியானாவில் ஒரு சின்ன ஊரில் டாக்டராகவும் உட்கார்ந்தான், 2003ல்தான் உரிமத்தைப் பறித்தார்கள். 2006ல் கொகெய்னோடும், சட்டவிரோதமாக ஏற்றி வந்த நான்கு பேரோடும் படகில் பிடிபட்டான். அவன் இடத்தைச் சோதித்தால், ஜார்ஜியாவிலேயே, தரைக்கடியில் போதைப்பொருள் தயாரிக்க ரகசிய அறை. அவனைச் சீக்கிரம் வெளியே விட்டது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன், பரோல் என்கிற ஏற்பாட்டை மதிக்கிறவனாக இருந்தும் சொல்கிறேன். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், படிக்கிறேன்.