மோதிரத்தின் உள்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மோதிரத்தைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் கல்லைத்தான் பார்ப்பார்கள். நான் அதைக் கவிழ்த்து உள்பக்கத்தைப் பார்ப்பேன். கல்லை எவரும் பின்னாளில் மாற்றிப் பதித்திருக்கலாம் அல்லவா?

இங்கிலாந்தில் விக்டோரியா ராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அந்தக் கால மோதிரத்தின் உள்வளையத்தில் நங்கூர முத்திரை இருந்தால் தங்கத்தின் தரத்தைப் பர்மிங்ஹாமில் உரைத்துப் பார்த்தது; சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். சிலவற்றில் '15' என்றிருக்கும். 15 காரட் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அந்த எண்ணைக் கண்டாலே மகிழ்ச்சி. பிரிட்டனில் அந்தத் தரம் 1854-இல் வந்து 1932-இல் வழக்கொழிந்தது. மோதிரத்தின் வயதுக்கு அதுவே சாட்சி. முத்திரையே இல்லாதவையும் ஏராளம் உண்டு.

அந்தக் காலத்தவர் கற்களால் எழுதவும் செய்தார்கள். ரூபி, எமரால்ட், கார்னெட், அமெதிஸ்ட், மறுபடி ரூபி, கடைசியில் டயமண்ட். முதல் எழுத்துகளைக் கூட்டினால் 'ரிகார்ட்' (regard) என்ற ஆங்கிலச் சொல் வரும். அன்பும் மதிப்பும் என்று பொருள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்கு எவ்வளவு அழகான வழி! விக்டோரியாவுக்கு அவர் கணவரான ஆல்பர்ட் அணிவித்த நிச்சய மோதிரம், மரகதம் பதித்த பாம்பு. 1861-இல் ஆல்பர்ட் இறந்த பிறகு ராணி கடைசிவரை கறுப்பே உடுத்தினார். கறுப்பு எனாமல் பூசி, இறந்தவரின் முடியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த துக்க மோதிரங்களுக்கும் அப்போது மவுசு கூடியது. அவற்றை வாங்கி அணிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு மனம் வராது.

வைரங்களைச் சொல்லாமல் முடியாது. கையால் பட்டை தீட்டியவை. ஒரே மோதிரத்தின் இரண்டு கற்கள்கூட அச்சாக ஒன்றுபோல் இருக்காது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவை பளிச்சென்று வெட்டுவதில்லை, மெதுவாகக் கனல்கின்றன. ஆய்வகத்தில் வைரம் விளையும் இந்தக் காலத்தில் இளைஞர்கள் இவற்றைத் தேடுவதற்கு இதுதான் காரணம் என்பேன்.

மாணிக்கமானால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செயற்கைக் கல். அந்தச் செய்முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டதே 1902-இல்தான். ராணி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

ஒருமுறை நண்பர் கொடுத்த மோதிரத்தைச் சோப்பு நீரில் ஊறவைத்தேன். பின்புறம் மூடிய கட்டு. கல்லுக்கு அடியில் நிறத்தைத் தூக்கிக் காட்ட மெல்லிய தகடு வைத்திருந்தார்கள். நீர் இறங்கி, ரோஜா நிறக் கல் அரை மணியில் கரி பிடித்த சிமினியாகிவிட்டது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் எந்த மோதிரத்தையும் அவர் என்னிடம் கொடுத்ததுமில்லை.

ஆகவே மூடிய கட்டு என்றால் ஈரமே வேண்டாம், உலர்ந்த துணி போதும். விரலுக்கேற்பப் பெரிதாக்கக் கொடுக்கும்போது, முத்திரை இருக்கும் இடத்தில் அறுக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.